கம்பியில்லாப் போர் – 9: அலமாரிக்குள் 13 நாள்

இத்தாலியில் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டு, ஃப்ளோரன்ஸ் மருத்துவமனைச் சுவரின் வெளிவிளிம்பில் நகர்ந்து தப்பி, 1942-இல் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்த டீன்-டிரம்மண்டைச் சென்ற வாரம் பார்த்தோம். மிலிட்டரி கிராஸ் பதக்கத்தோடு அவர் பழைய வேலைக்கே திரும்பினார். அதாவது, வயர்லெஸ்.

1944 செப்டம்பரில் அவர் மேஜர். பிரிட்டனின் முதல் வான்வழிப் படைப்பிரிவில் சிக்னல்ஸ் பகுதியின் துணைத் தலைவர். ஹாலந்தின் ஆர்னெம் பாலத்தைப் பிடிக்கும் திட்டம் வந்தபோது அவரை உறுத்தியது தூரம். படை இறங்கும் திடலிலிருந்து பாலம் சுமார் 8 மைல். நடுவே மரங்கள், வீடுகள். கையிலிருந்த 22-ஆம் எண் செட்டுகள் அவ்வளவு தூரம் எட்டுமா என்பது சந்தேகம். சந்தேகம் இருந்தும் அவர் அதை வற்புறுத்தவில்லை. அந்தக் கோடையில் அந்தப் படைக்குத் தீட்டிய திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாகியிருந்தன. இதையும் நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பாதி வேலை சொதப்புவது இப்படித்தான்.

17-ஆம் தேதி இறங்கினார்கள். செட்டுகள் சரியாகப் பேசவில்லை. என்ன நடக்கிறதென்று பார்க்கத் தளபதி அர்குஹார்ட்டே முன்னால் போய், எதிரிகளிடையே மாட்டிக்கொண்டார். 19-ஆம் தேதி காலைவரை தலைமையகத்துக்கு அவரைப் பற்றித் தகவல் இல்லை. இதற்கிடையே ஊர்த் தொலைபேசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஜெர்மானியரை எதிர்த்த டச்சுக்காரர்கள் அதில் பேசிக்கொண்டார்கள். ஆங்கிலேயர்களுக்கோ அவர்கள் மேல் நம்பிக்கை இல்லை.

செட் பேசாவிட்டால் ஆள் போகத்தானே வேண்டும்? இறங்கிய மறுநாள் டீன்-டிரம்மண்டே ஊருக்குள் போனார். அங்கே அதிகாரிகளை இழந்து நின்ற சிப்பாய்களுக்குத் தலைமை தாங்க வேண்டியதாயிற்று. ஜெர்மானியர் நுழைந்த வீட்டின் கழிப்பறையில் சிலரோடு தாழிட்டுக்கொண்டு 3 நாள் இருந்தார். பிறகு ரைன் நதியை இரவில் நீந்திக் கடந்தார். கரையேறி நடந்தவர் விழுந்தது ஒரு ஜெர்மன் பதுங்குகுழிக்குள்!

கைதிகளை வெல்ப் என்ற ஊரில் ஒரு வீட்டில் அடைத்தார்கள். அங்கே சுவரோடு சேர்ந்த அலமாரி ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆழம் ஓரடிதான். உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சம் ரொட்டி, ஒரு குப்பி தண்ணீர். உட்கார முடியாது, படுக்க முடியாது, இருமக்கூடாது. அந்த அறையைத்தான் ஜெர்மானியர் விசாரணைக்குப் பயன்படுத்தினார்கள். பிடிபட்ட தன் படையாட்களிடம் கேட்ட கேள்விகளையும் அவர்கள் சொன்ன பதில்களையும் கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார். செய்தி கடத்துவதே தொழிலானவர், கேட்ட எதையும் வெளியே சொல்ல வழியின்றி நின்ற 13 நாள் அது.

அறை காலியான ஓர் இரவில் ஜன்னல் வழியே வெளியேறினார். எந்த டச்சுக்காரர்களை ராணுவம் நம்பவில்லையோ, அவர்களே அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். அக்டோபர் 22 இரவில், சிக்கியிருந்த 100-க்கும் மேற்பட்டோர் 'பெகாசஸ்' நடவடிக்கையில் படகில் ரைனைக் கடந்தார்கள். அவரும் அதில் ஒருவர். மிலிட்டரி கிராஸ் இரண்டாம் முறையும் கிடைத்தது. 1959-இல் ஓமானின் ஜெபல் அக்தர் மலையில் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படையை நடத்தியதற்கு டி.எஸ்.ஓ. பதக்கம்.

வயர்லெஸ் வேலைக்காக அவர் ஒரு பதக்கமும் வாங்கவில்லை. ஆர்னெமில் யாருக்குமே அதற்குத் தந்திருக்க முடியாது.

அடுத்த இதழில், பாலத்தருகே தனித்து நின்ற ஃப்ராஸ்டின் ஆட்கள்.

(தொடரும்)