நாம் எழுதுவதை யார் படிக்கிறார்கள்?

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறார்கள். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். ஓட்டல் சாம்பாருக்குக்கூட இப்போது மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் வியாபாரிகளாகிய நாம் ஆண்டு முழுவதும் எழுதிக் குவிக்கிறோமே, அதற்கு யாராவது மதிப்புரை எழுதியதுண்டா?

"நாங்கள் எங்கே எழுதுகிறோம்? பேரேடு எழுதுவதோடு சரி" என்று உறுப்பினர்கள் சொல்லக்கூடும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைப் பெயர்ப்பலகை, வாசலில் சாய்த்து வைத்த கரும்பலகை, தீபாவளி நோட்டீஸ், தினசரி காலண்டர், மஞ்சப்பை, பில், இப்போது வாட்ஸ்அப்பில் தினமும் போடும் ஸ்டேட்டஸ். இத்தனையும் எழுத்துதான். வாடிக்கையாளர் நம்மைப் பார்க்காத நேரத்திலும் இவை அவரிடம் பேசிக்கொண்டிருக்கின்றன. செலவும் சும்மா இல்லை. காலண்டருக்கும் பைக்கும் நோட்டீஸுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே நாமே இந்த மதிப்புரையைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். திருச்சி பெரிய கடைவீதி, காந்தி மார்க்கெட், உறையூர், பாலக்கரை, ஸ்ரீரங்கம் பகுதி உறுப்பினர்களிடம் சொல்லி, அவரவர் அச்சடித்தவற்றைக் கேட்டு வாங்கினோம். பலகைகளை நேரில் போய்ப் பார்த்தோம். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டோம். உள்ளே விஷயம் இருக்கிறதா? பார்க்க நன்றாக இருக்கிறதா? படிக்கிறவரை மறுபடி கடைக்கு இழுக்கிறதா? எந்தக் கடையின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. குறை சொல்வது நோக்கமல்ல.

ஸ்ரீரங்கத்துக்காரரின் ஒரு பக்கம்

அளவுகோல் இல்லாமல் எடை போடக்கூடாது என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஓர் அளவுகோலை நம் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

எழுத்தாளர் சுஜாதாவை அறியாதவர் குறைவு. இயற்பெயர் ரங்கராஜன். பிறந்தது சென்னை திருவல்லிக்கேணியில், 1935-இல். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் படித்தவர். அவருடைய சிறுகதை ஒன்று முதன்முதலில் அச்சேறியதே நம் திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' இதழில்தான், 1953-இல். பிற்காலத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு பெற்றவர். 2008 பிப்ரவரி 27-இல் காலமானார்.

1965-இல் டெல்லியில் கி. கஸ்தூரிரங்கன் 'கணையாழி' மாத இதழைத் தொடங்கினார். சிறிய இதழ், பெரிய விற்பனை கிடையாது. அப்போது விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரங்கராஜன், அதன் கடைசிப் பக்கத்தை எழுதத் தொடங்கினார். போட்டுக்கொண்ட பெயர் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்பது. கதையல்ல, கட்டுரையும் அல்ல. படித்தது, பார்த்தது, கேட்டது, பிடித்தது, பிடிக்காதது எல்லாம் ஒரு பக்கத்துக்குள். அந்த இதழைப் பின்பக்கத்திலிருந்து பிரித்துப் படித்த வாசகர்கள் உண்டு. இடையில் விட்டும் தொட்டும் பல்லாண்டுகள் எழுதினார். பிறகு அவை 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்' என்று புத்தகமாகவும் வந்தன.

மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. ஒரே ஒரு பக்கம். அதிலும் கடைசிப் பக்கம். அதை ஏன் தேடிப் படித்தார்கள்? நமக்குத் தோன்றிய காரணங்கள் நான்கு. தாம் நேரில் கண்டதை எழுதினார், இரவல் வாங்கவில்லை. சுருக்கமாக எழுதினார். வாசகர் தேடி அலையாதபடி ஒரே இடத்தில் எழுதினார். தம் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதினார். இந்த நான்கும் கடை வாசல் கரும்பலகைக்கும் அப்படியே பொருந்தும்.

விஷயம்

இந்த அளவுகோலை வைத்து நம் மேசையைப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது இரவல்தான். ஸ்டேட்டஸ்களில் பத்துக்கு ஏழு, எங்கிருந்தோ வந்த 'இனிய காலை வணக்கம்' படங்கள். ரோஜாப்பூ, தேநீர்க் கோப்பை, ஒரு பொன்மொழி. அடியில் கடையின் பெயர். இதே படத்தை வாடிக்கையாளருக்கு அவருடைய சம்பந்தியும் அனுப்பியிருப்பார், காப்பீட்டு முகவரும் அனுப்பியிருப்பார். மூன்றாவதாக நாமும் எதற்கு?

உறையூர் உறுப்பினர் ஒருவர் வேறு மாதிரி செய்கிறார். காலையில் மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் நாலே வரி போடுகிறார். இன்று துவரம்பருப்பு என்ன விலை, நேற்றைக்கு ஏறியதா இறங்கியதா, எந்தச் சரக்கு புதிதாக வந்தது, எது பழையது. ஒருநாள், "இன்றைக்குப் புளி சுமார்தான். அவசரம் இல்லையென்றால் நாலு நாள் பொறுத்து வாங்குங்கள்" என்று போட்டிருந்தார். நாம் பார்த்தவற்றிலேயே சிறந்த வாசகம் இதுதான் என்பது நமது தீர்ப்பு. புளியை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரர் பருப்பை நல்லது என்று சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

காலண்டருக்கும் இதே விதிதான். ஸ்ரீரங்கத்தில் தாளைக் கிழிக்கிறவர்கள் ஏகாதசி என்று, அமாவாசை என்று, பெருமாளின் ரேவதி நட்சத்திரம் என்று எனப் பார்க்கிறார்கள். பாலக்கரையில் சகாய மாதா கோயிலுக்குப் போகிறவர்களும், ரம்ஜான் நோன்பு பார்க்கிறவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். எல்லாத் தெருவுக்கும் ஒரே காலண்டர் சரிவராது. நம் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தோற்றம்

பெரும்பாலான காலண்டர்களில் ஒரே குறை. கடைப் பெயர் கட்டைவிரல் பருமனில் இருக்கிறது; ராகுகாலம் கடுகு அளவில் இருக்கிறது. வீட்டில் காலண்டரை அதிகம் பார்ப்பது வயதானவர்கள். கண்ணாடியைத் தேடி எடுத்தால்தான் திதி தெரியும் என்றால், அடுத்த ஆண்டு வேறு கடைக் காலண்டர்தான் அந்த ஆணியில் தொங்கும். நம் பெயரைச் சற்றுச் சிறிதாக்கினால் நஷ்டம் இல்லை. ஆணியை இழந்தால்தான் நஷ்டம்.

நோட்டீஸில் ஏழு வண்ணம், ஒன்பது விதமான எழுத்து, நாலு மூலையிலும் சாமி படம். எதைப் படிப்பது என்று கண் தடுமாறுகிறது. ஒரு நோட்டீஸுக்கு ஒரு செய்தி போதும்.

பெயர்ப்பலகையில் அழகோடு சட்டமும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பலகையில் தமிழ் இருக்க வேண்டும். வேறு மொழி இருந்தால் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம் சொல்லப்பட்டிருக்கிறது. நாம் பார்த்த பலகைகளில் சில இதைத் தலைகீழாகச் செய்திருந்தன. பில் புத்தகமும் அப்படித்தான். உணவுப் பொருள் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையோ பதிவு எண்ணையோ பில்லில் குறிப்பிட வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. பழைய பில் புத்தகம் தீரட்டும் என்று காத்திருப்பவர்கள் இனியும் காத்திருக்க வேண்டாம்.

பைகளில் மஞ்சப்பைக்கே முதல் பரிசு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. துணிப்பை ஒரு நாளில் குப்பைக்குப் போவதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் போகிறது, வெளியூர்க் கல்யாணத்துக்கும் போகிறது. நாலைந்து முறை துவைத்த பின்னும் எழுத்து நிற்கும்படி, கடைப் பெயர், தெரு, போன் நம்பர் மட்டும் தெளிவாக இருந்தால் போதும்.

ஈர்ப்பு

மூன்றாவது கேள்விக்கு விடையை மேசையில் காண முடியவில்லை. ஒரு கடை வாசலில்தான் கண்டோம்.

ஸ்ரீரங்கத்தில் நம் உறுப்பினர் ஒருவர் வாசல் பலகையில், 'பொன்னி புழுங்கல் பழைய அரிசி, 25 கிலோ சிப்பத்துக்கு 100 ரூபாய் குறைவு' என்று எழுதி வைத்திருந்தார். முதல் நாள் மதியமே சரக்கு தீர்ந்துவிட்டது. பலகையை யாரும் அழிக்கவில்லை. மறுநாள் நாம் அங்கே பேசிக்கொண்டிருந்தபோது வயதான அம்மாள் ஒருவர் வந்தார்.

"அண்ணாச்சி, அந்த பழைய அரிசி ஒரு சிப்பம் வீட்டுல போடச் சொல்லுங்கோ."

"தீர்ந்து போச்சே மாமி. புது அரிசி இருக்கு, தரட்டுமா?"

"தீர்ந்து போச்சுன்னா பலகையில ஏன் இருக்கு? நேத்து சாயங்காலம் பேரன் படிச்சுச் சொன்னான். அம்மா மண்டபத்துலேர்ந்து நடந்து வரேன்."

"பையன் அழிக்க மறந்துட்டான் மாமி."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "பிள்ளை வெளிநாட்டுல இருந்துண்டு போன்லயே சாமான் போட்டு அனுப்பறேங்கறான். நான்தான், வேண்டாம்டா, நம்ம அண்ணாச்சி கடை இருக்குன்னு சொல்லிண்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முப்பது ஆண்டு வாடிக்கை என்று கடைக்காரர் பிறகு நம்மிடம் சொன்னார். அன்று அவருக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை.

இப்போது அந்தப் பலகையில் விலைக்குக் கீழே 'இருப்பு: 12 சிப்பம்' என்று எழுதுகிறார்கள். ஒவ்வொன்று விற்றதும் எண்ணை மாற்றுகிறார்கள். தீர்ந்ததும் 'தீர்ந்தது, அடுத்த சரக்கு வெள்ளிக்கிழமை' என்று எழுதுகிறார்கள். அந்த அம்மாள் இன்னும் வரவில்லை. ஆனால் தெருவில் போகிறவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றும், வெள்ளிக்கிழமை கேட்டு வருகிறார்கள் என்றும் கடைக்காரர் சொல்கிறார்.

ஈர்ப்பு என்பது இதுதான். எழுதியது உண்மையாக இருக்க வேண்டும். நேற்று உண்மையாக இருந்தது இன்று பொய்யாகிவிட்டால் உடனே அழித்துவிட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி வியாபாரிக்கும் உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நமக்கு ஆணையத்தைவிட அந்த அம்மாள்தான் முக்கியம். பெரிய கம்பெனிகளின் தள்ளுபடியோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறோம் என்கிறவர்களோடும் ஓட முடியாது. 'நம்ம அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும்' என்ற ஒரு சொல்தான் நம் முதல். அதைக் கரும்பலகையில் தொலைக்கலாமா?

சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் 'ரங்கு கடை' அடிக்கடி வரும். நண்பர்கள் கூடுகிற, ஊர்ச் செய்தி வந்து சேர்கிற இடம். ஊரை விட்டுப் போன ஓர் எழுத்தாளர் தம் ஊரை நினைத்தபோது கோபுரத்தோடும் கொள்ளிடத்தோடும் ஒரு சின்னக் கடையும் அவர் நினைவுக்கு வந்திருக்கிறது. வியாபாரிகளாகிய நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

ஆடிப் பதினெட்டுக்குள்

சிவகாசியில் புத்தாண்டுக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். அம்மா மண்டபம் படித்துறையில் காவிரிக்குப் படைக்கிற அதே நாள்தான். அதன் பிறகு ஏஜெண்டுகள் நம் கடைகளுக்கு வரத் தொடங்குவார்கள். அவர் நீட்டும் ஆல்பத்தில் "போன வருஷம் போட்டதே போதும்" என்று கை காட்டுவதற்கு முன் உறுப்பினர்கள் ஒன்று செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டுக் காலண்டரையும் நோட்டீஸையும் பையையும் எடுத்து வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். கண்ணாடி போடாமல் படிக்கச் சொல்லுங்கள். கடைப் பெயரை மறைத்துக்கொண்டு, "இது எந்தக் கடை என்று தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அதில் உங்களுடையது என்று எதுவும் இல்லை என்று பொருள். பிறகு வாசலுக்கு வந்து கரும்பலகையைப் பாருங்கள். அதில் இருப்பது இன்றைய எழுத்தா, நேற்றையதா? நேற்றையது என்றால் துணியை எடுத்து முதலில் அதை அழியுங்கள்.