பழைய கணிப்பொறிகளைப் பேசவைத்தல்

மதுரையிலிருந்து மேலக்கால் செல்லும் சாலையில், வைகையின் தென்கரையை ஒட்டி அமைந்திருப்பது கோச்சடை. ஊர் இன்று நகரத்தோடு கலந்துவிட்டது. அவ்வூரில் மாணவர்க்கென நடைபெறும் சிறிய படிப்பகம் ஒன்றில் ஐந்து பழைய கணிப்பொறிகள் துணி போர்த்திக் கிடந்தன. ஏதோ ஓர் அலுவலகம் தனக்கு வேண்டாமென்று கழித்து, அன்பளிப்பாக அளித்தவை அவை. தனித்தனியே இயக்கினால் ஐந்தும் இயங்கின. ஆனால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க வழியில்லை. அச்சுப்பொறியோ ஒன்றோடு மட்டுமே இணைந்திருந்தது. "இவற்றைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா, அல்லது ஒரு வலையாகக் கோத்துவிட முடியுமா?" என்று மாணவர் சிலர் என்னிடம் வந்து கேட்டனர். அக்கேள்விக்கு விடை காணப் போன நான், மூன்று வார மாலைப் பொழுதுகளை அங்கேயே கழிக்க நேர்ந்தது.

கேள்வி சிறியதுபோல் தோன்றலாம், உண்மையில் சிறியதன்று. இதே மாவட்டத்தில், மேலூர் வட்டாரத்தில், 2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 'சாரி' என்னும் பெயரால் ஒரு முயற்சி தொடங்கிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையின் வழியே சிற்றூர்களிலே இணைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. கண் நோயுற்ற சிற்றூர் மக்கள் தம் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி மருத்துவர் கருத்தைப் பெறவும் அங்கே வழியிருந்தது. எனினும் அந்நிலையங்களுள் பல 2005-ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டன. காரணத்தை ஆராய்ந்தவர்கள் முதலிற் சுட்டியது வருவாய்க் குறைவு. அதனோடு மற்றொன்றையும் கண்டனர். கணிப்பொறிப் பயிற்சி பெற்றவர் நடத்திய நிலையங்களும், பயிற்சியுள்ள ஊழியரை வைத்திருந்த நிலையங்களும் மற்றவற்றைக் காட்டிலும் நீண்ட நாள் நிலைத்தனவாம். யந்திரம் இருந்தும், அதன் உட்புறம் அறிந்தவர் அருகில் இல்லையேல், அது மேசையை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியே. கோச்சடைப் பெட்டிகளும் அந்நிலையில்தான் இருந்தன.

இரண்டு கணிப்பொறிகளை ஒரு கம்பியால் பிணைத்துவிட்டால் அவை பேசத் தொடங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். கம்பி சுமப்பது மின் துடிப்புகளை மட்டுமே. அத்துடிப்புகளை எந்த வரிசையில் அனுப்புவது, யாருக்கென்று குறிப்பது, வழியில் தொலைந்தால் மீண்டும் கேட்டுப் பெறுவது எப்படி என்பனவற்றையெல்லாம் ஒரு மென்பொருள் அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு இரு புறத்தாரும் ஒப்புக்கொண்ட விதித்தொகுதிக்குப் 'புரோட்டோகால்' என்று பெயர். தபால் எழுதுவோரெல்லாம் முகவரியை உறையின் முகப்பில் எழுதவேண்டும் என்பதும் அத்தகைய ஓர் ஒப்பந்தமே அன்றோ? முகவரியை ஒருவர் உள்ளே எழுதி ஒட்டிவிட்டால், கடிதம் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

இன்று உலகெங்கும் வழங்கும் டிசிபி-ஐபி என்னும் விதித்தொகுதிக்கு அடிகோலியவர்கள் வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இரு அமெரிக்கர். அவர்கள் அதனை 1974-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் வலை 1983 ஜனவரி முதல் நாளன்று முழுவதும் அதற்கு மாறிற்று. ஆனால் சாதாரண மக்களின் மேசைக்கு அது வந்து சேரப் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. விண்டோஸ் 3.1 என்னும் இயக்க மென்பொருளில் டிசிபி-ஐபி உடன்வரவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம். அவர் எழுதிய 'டிரம்பெட் வின்சாக்' என்னும் சிறு மென்பொருள் 1994 முதல் உலகெங்கும் பரவியது. பயன்படுத்தியவருள் மிகப் பலர் அவருக்கு விலை கொடுக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. அதே மாதம் 24-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95-இல் டிசிபி-ஐபி உடன்வந்தது. ஆயினும் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதுவே எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது.

கோச்சடையில் இருந்த ஐந்தனுள் நான்கில் விண்டோஸ் 98 இருந்தது. ஒன்றில் மட்டும் விண்டோஸ் 95. வலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். பிள்ளைகள் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் பெயர்களையே சூட்டினர்: ஆனைமலை, நாகமலை, பசுமலை, அழகர்மலை. ஐந்தாவதற்குத் திருப்பரங்குன்றம் என்று வைக்க விரும்பினர். ஆனால் அப்பழைய முறையில் பெயர் 15 எழுத்துக்கு மிகலாகாது. ஆங்கில எழுத்தில் அது நீண்டுவிட்டது. எனவே வெறும் 'குன்றம்' ஆயிற்று.

முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் வலை அட்டை ஒன்றைச் செருகவேண்டும். இன்றைய யந்திரங்களில் இது பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது. பழையவற்றிலோ அட்டை செருகுவதே ஒரு கலை. அட்டைக்குச் செய்தி வந்தவுடன் அது மையச் செயலகத்தை ஒரு மணியடித்து அழைக்கும். அப்பழைய அமைப்பில் அத்தகைய மணிகள் 16 மட்டுமே. அவற்றுட் பலவும் விசைப்பலகை, கடிகாரம், வட்டு முதலியவற்றுக்கு முன்னரே ஒதுக்கப்பட்டவை. என்இ2000 என்னும் புகழ்பெற்ற அட்டை வழக்கமாக 3-ஆம் மணியைக் கேட்கும். இரண்டாவது தொடர்வாயிலுக்கு உரியதும் அதே மணிதான். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு இருவரும் வருவதுபோல, இங்கும் குழப்பம் நேரும். பசுமலையில் இந்தக் குழப்பம்தான் இருந்தது. பயன்படாத தொடர்வாயிலை மூடிவிட்டதும் சரியாயிற்று.

அடுத்தது மென்பொருள். விண்டோஸின் 'நெட்வொர்க்' என்னும் பகுதியைத் திறந்தால் நான்கு வகைப் பொருள்கள் காணப்படும். அடாப்டர் என்பது அட்டை. புரோட்டோகால் என்பது அது பேசும் விதி. கிளையன்ட் என்பது மற்றவரிடம் கேட்டுப் பெறும் பகுதி. சர்வீஸ் என்பது தன்னிடமுள்ள கோப்பையும் அச்சுப்பொறியையும் மற்றவர்க்குப் பகிரும் பகுதி. நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. கீழ் அடுக்கு இல்லாமல் மேல் அடுக்கு நில்லாது. எதையேனும் மாற்றினால் கணிப்பொறி தன்னை மறுபடி இயக்கச் சொல்லும். ஒரு மாலையில் அதை எத்தனை முறை செய்தோம் என்று எண்ணுவதை ஏழுக்கு மேல் விட்டுவிட்டோம்.

இனி முகவரிக்கு வருவோம். கோச்சடைக்கு எழுதும் கடிதத்தில் 625016 என்று குறிக்கிறோம். 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த இம்முறையில், 625 என்னும் முதல் மூன்று இலக்கங்களைக் கண்டதும் பிரிப்பவர் அதனை மதுரைப் பகுதிக் கட்டிலே போடுவார். எஞ்சிய மூன்று இலக்கங்களை மதுரைக்கு வந்தபின் பார்த்தால் போதும். கணிப்பொறியின் முகவரியும் இவ்வாறே இரு கூறாகப் பிரிகிறது. நாங்கள் 192.168.10.1 முதல் 192.168.10.5 வரை ஐந்து முகவரிகள் கொடுத்தோம். 255.255.255.0 என்னும் மற்றொரு வரிசையையும் எழுதினோம். 'முதல் மூன்று எண்கள் தெருவுக்கு, கடைசி எண் கதவுக்கு' என்பதே அதன் பொருள். தெரு ஒன்றாயின் நேரே அனுப்பும். வேறாயின் 'கேட்வே' என்னும் வாயிலிடம் ஒப்படைக்கும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளே வழங்குவதற்கென 1994-இல் ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவை செல்லா. ஆகவே கோச்சடையிலும் கொழும்பிலும் ஒரே எண் இருந்தாலும் மோதல் இல்லை.

ஐந்தையும் ஒரு சுவிட்சில் கோத்தோம். நான்கு பேசின. நாகமலை மட்டும் ஊமையாக இருந்தது. சுவிட்சில் அதற்குரிய விளக்கு எரிந்தது. ஆனால் மற்ற நான்கின் திரையிலும் அதன் பெயர் தோன்றவில்லை. "கம்பியில்தான் கோளாறு" என்று நான் சொன்னேன். கம்பியை மாற்றினோம். முனையைக் கழற்றி எட்டு இழைகளையும் மறுபடி வரிசைப்படுத்தி அழுத்தினோம். சுவிட்சில் வேறு துளைக்கு மாற்றினோம். அட்டையையே மாற்றினோம். இரண்டு மாலைகள் இவ்வாறு போயின. (தடித்த ஒற்றைக் கம்பியில் எல்லா யந்திரங்களையும் கோத்திருந்த காலத்தில் பழகியவன் நான். அக்கம்பியின் இரு முனையிலும் மூடி ஒன்று இருக்கும். யாரேனும் அதைக் கழற்றினால் அறை முழுதும் ஊமையாகிவிடும். ஆதலின் எதற்கும் கம்பியையே சந்தேகிக்கும் வழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.)

மூன்றாம் நாள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, முதல்படியிலிருந்து பார்ப்போமா?" என்றாள். அவள் குறித்தது 'பிங்' என்னும் சோதனையை. 1983 டிசம்பரில் மைக் மியூஸ் என்பவர் எழுதிய சிறு மென்பொருள் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பதுபோல், ஒரு செய்தியை அனுப்பிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கும். பெயரும் அவ்வொலியிலிருந்தே வந்தது. சோதிக்க ஒரு முறை உண்டு. முதலில் 127.0.0.1-ஐ அழைக்கவேண்டும். அது தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. செய்தி பெட்டியை விட்டு வெளியே வாராது. கம்பிக்கும் அட்டைக்கும் அதில் வேலையில்லை. அதற்கு மறுமொழி வந்தால் மென்பொருள் உள்ளது என்று பொருள். பின்பு தன் சொந்த முகவரி. பின்பு அடுத்த மேசை. பின்பு வாயில். கடைசியாகப் பெயர் சொல்லி அழைப்பது. எந்தப் படியில் மறுமொழி நிற்கிறதோ அங்கேதான் பிழை.

நாகமலையில் முதற்படியே மறுமொழி தரவில்லை. அரை நிமிடத்தில் உண்மை விளங்கிற்று. விண்டோஸ் 95-இல் டிசிபி-ஐபி இருக்கிறது. ஆனால் அட்டையைச் செருகியவுடன் அது தானாகச் சேர்த்துக்கொள்வது நெட்பியூஐ, ஐபிஎக்ஸ் என்னும் வேறு இரு விதிகளையே. டிசிபி-ஐபியை நாம் கேட்டுச் சேர்க்கவேண்டும். விண்டோஸ் 98 தொடக்கத்திலேயே டிசிபி-ஐபியைச் சேர்த்துக்கொள்கிறது. மற்ற நான்கும் ஒரு மொழி பேச, நாகமலை வேறொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தது. கம்பியில் துடிப்புகள் போயின, வந்தன. பொருள்தான் யாருக்கும் விளங்கவில்லை. நான் மாற்றச் சொன்ன கம்பி தொடக்கமுதல் நன்றாகவே இருந்திருக்கிறது.

சேர்க்க முற்பட்டால் கணிப்பொறி மூலத் தகட்டைக் கேட்டது. தகடு எங்கே போயிற்றோ! நல்லவேளையாக, அதனை முதலில் நிறுவியவர் மூலக் கோப்புகளை வன்தட்டிலேயே ஒரு மூலையில் விட்டுச் சென்றிருந்தார். அதனைச் சுட்டிக்காட்டி, முகவரி எழுதி, மறுபடி இயக்கினோம். 127.0.0.1 மறுமொழி தந்தது, ஆனைமலையும் தந்தது. திரையில் நான்கு வரிகள் வந்து நின்றபோது, கம்பி முனைகளை அழுத்தி விரல் நொந்த பையன் ஒருவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமுடியாது.

இன்னொரு குறியையும் நீங்கள் அறிந்திருத்தல் நல்லது. 'வின்ஐபிகான்ஃபிக்' என்று தட்டினால் கணிப்பொறி தன் முகவரியைக் காட்டும். அது 169.254 என்று தொடங்குமாயின், முகவரி வழங்குவோர் எவரும் மறுமொழி தராமையால் விண்டோஸ் 98 தானே ஒரு முகவரியை இட்டுக்கொண்டது என்று அறிக. குன்றத்தில் அவ்வாறே இருந்தது; முகவரியைக் கையால் எழுத மறந்திருந்தோம்.

"இணையத்தோடும் இணைத்துவிடலாமே!" என்று பிள்ளைகள் கேட்டனர். நான் உடன்படவில்லை. விண்டோஸ் 98-க்குத் திருத்தங்கள் வருவது 2006 ஜூலை 11-ஆம் நாளோடு நின்றுவிட்டது. அதன்பின் கண்டறியப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமலே உள்ளன. இன்றைய தளங்கள் பெரும்பாலும் கேட்கும் மறையீட்டு முறையும் அவ்யந்திரங்களுக்குத் தெரியாது. ஆகவே கேட்வே என்னும் கட்டத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டோம். பாடக் கோப்புகளைப் புதிய மடிக்கணிப்பொறி ஒன்றில் இறக்கி, அதனை இணையத்திலிருந்து துண்டித்து, பிறகு எங்கள் சுவிட்சில் கோத்தோம். அங்கும் ஒரு தடை. புதிய விண்டோஸ், பழைய கோப்புப் பகிர்வு விதியை 2017 முதல் பாதுகாப்புக் கருதித் தானாக ஏற்பதில்லை. அதனால் எஃப்டிபி என்னும் எளிய விதியின் வழியே கோப்புகளை ஆனைமலைக்கு அனுப்பி, அங்கிருந்து மற்ற நான்கிற்கும் பகிர்ந்தோம்.

அச்சுப்பொறி பசுமலையோடு இணைந்திருக்கிறது. இப்பொழுது நாகமலையில் அமர்ந்து எழுதும் கட்டுரை பசுமலையில் அச்சாகிறது. படிப்பக அலமாரியின் உட்கதவில் பிள்ளைகள் ஒரு தாள் ஒட்டியிருக்கின்றனர். ஐந்து பெயர்கள், ஐந்து முகவரிகள், ஒவ்வொன்றின் மணி எண், மூலக் கோப்புகள் இருக்கும் இடம் ஆகியவை அதில் உள்ளன. தாளின் அடியில், 'கம்பியைக் கழற்றுமுன் 127.0.0.1' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அது யாருக்காக எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.