மணலில் ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது?

தார்ச்சாலையில் சிரமமில்லாமல் ஓடுபவருக்கும் மாமல்லபுரம் கடற்கரையின் உலர்மணலில் சீக்கிரமே மூச்சு வாங்கும். கெட்டித் தரையில் பாதம் ஊன்றும்போது குதிகால் தசைநாண் ரப்பர் போல இழுபட்டு, அந்த விசையை அடுத்த அடிக்குத் திருப்பித் தருகிறது. மணலிலோ பாதம் புதைகிறது, விசையில் ஒரு பங்கு மணலைத் தள்ளவே போய்விடுகிறது. அந்தக் குறையைத் தசைதான் ஈடுகட்ட வேண்டும். அதே வேகத்தில் ஓட, கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும். நடந்தாலோ இரு மடங்குக்கும் மேல்!

அலை நனைத்த ஓரத்தில் பாடு குறைவு. ஆனால் அது சரிவு. போன வழியே திரும்பி ஓடினால்தான் இரு கால்களுக்கும் சமமாகச் சுமை விழும்.

பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொண்டது. தசை பிறகுதான் வளரும், தசைநாண் அதைவிட மெதுவாகத் தேறும். இது தெரியாமல் உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுபவர்கள்தான் குதிகால் வலியோடு வீட்டில் உட்காருகிறார்கள். மன உறுதி என்பது இங்கே பல்லைக் கடித்து ஓடுவதல்ல, இன்னும் ஓடலாம் என்று தோன்றும்போதே நிறுத்துவது.

இந்தப் பொறுமை அலைச்சறுக்கிலும் வேண்டும். 2025 ஆகஸ்டில் இதே மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அலைமேல் நிற்பது சில நொடிகளே. கையால் துழாவிப் போவதில்தான் பெரும்பொழுது கழியும். அந்தத் தோள்வலு ஒரு சீசனில் வருவதல்ல.

சாப்பாடு? சோறு தசையில் தீர்ந்த எரிபொருளை நிரப்பும், நெத்திலிக் குழம்பு புரதம் தரும். புரத மாவு டப்பா பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை.