திரையில் ஒரு புள்ளி

கண்ணை நம்பிப் பறக்கும் சிறு விமானங்களுக்கு ராடார் துணை உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

1986 ஆகஸ்ட் 31. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ் நகருக்கு மேலே வானம் தெளிவாக இருந்தது. தரையிறங்க வந்துகொண்டிருந்த ஏரோமெக்சிகோ டிசி-9 ஜெட்டும், டோரன்ஸிலிருந்து பிக் பேருக்குக் கிளம்பிய பைப்பர் ரகச் சிறு விமானமும் சுமார் 6,500 அடி உயரத்தில் மோதிக்கொண்டன. ஜெட்டில் 64 பேர், பைப்பரில் 3 பேர், கீழே வீடுகளில் 15 பேர். மொத்தம் 82 உயிர்கள்.

பைப்பர் பறந்தது 'பார்வை விதி'களின்படி. மேகத்தை விட்டு விலகி, எதிரே வருவதைக் கண்ணால் பார்த்து ஒதுங்கிச் செல்வதே இந்த விதிகளின் சாரம். பெரிய விமான நிலையங்களைச் சுற்றி மட்டும் அனுமதி வேண்டும். அந்த வட்டத்துக்குள் பைப்பர் தெரியாமல் நுழைந்துவிட்டது. ராடார் திரைக்கு உயரத்தைச் சொல்லும் கருவியும் அதில் இல்லை. கட்டுப்பாட்டு அதிகாரியோ அனுமதியின்றி நுழைந்த வேறொரு சிறு விமானத்துடன் பேசிக்கொண்டிருந்தார். பைப்பரைப் பற்றி ஜெட்டுக்கு எச்சரிக்கை போகவில்லை. விசாரணை வாரியம் முதல் குற்றவாளியாகக் காட்டியது எந்தத் தனிமனிதரையும் அல்ல, மோதலைத் தடுக்க முடியாத கட்டுப்பாட்டு முறையை.

பார்வை விதிகளில் பறப்பவர்களுக்கும் அமெரிக்காவில் ராடார் சேவை உண்டு. விமானி வானொலியில் அழைத்து, இருக்கும் இடம், உயரம், போகுமிடம் சொல்ல வேண்டும். பொதுவான 1200க்குப் பதிலாக அவருக்கென்று ஒரு நான்கு இலக்க எண் கிடைக்கும். அதைக் கருவியில் பதித்ததும் திரையில் பெயரற்ற புள்ளிக்கு அடையாளம் வந்துவிடும். பிறகு, "இரண்டு மணித் திசையில், மூன்று மைலில் விமானம்" என்பது போன்ற எச்சரிக்கைகள் வரும். ஆனாலும் பார்த்து ஒதுங்கும் பொறுப்பு விமானியுடையதே.

செரிட்டோஸ் பாடம் வீண் போகவில்லை. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் சொல்லும் கருவி அவசியமானது. 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணி விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி 1993 இறுதிக்குள் கட்டாயமானது. 2020 முதல், நெரிசலான வான்வெளியில் விமானங்கள் செயற்கைக்கோள் மூலம் அறிந்த தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்புகின்றன.

உயரம் தெரியாத புள்ளியின் விலையை இந்தியாவும் அறியும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். அவை பார்வை விதிகளில் பறக்கவில்லை. கட்டுப்பாட்டு அதிகாரியின் சொற்படிதான் பறந்தன. ஆனால் அன்று டெல்லி ராடார் திரையில் உயரம் தெரியவில்லை. கஜக் விமானம் அனுமதித்த 15,000 அடிக்கும் கீழே இறங்கியதைத் திரை காட்டவில்லை.

கருவிகள் வந்துவிட்டன; ஓட்டை முழுதாக அடைபடவில்லை. அமெரிக்காவில் சிறு விமானங்களுக்கான ராடார் சேவை, அதிகாரிக்கு வேலைப்பளு அனுமதித்தால் மட்டுமே. நெரிசல் கூடும்போதுதான் துணை அதிகம் தேவை. மறுக்கப்படும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம்.