முதுசொமும் முதுமையும்: உறுதி முடித்தலின் சமூகப் பொருள் பற்றிய சில குறிப்புகள்

முதுமையுற்ற பெற்றோர் வீட்டையும் வளவையும் பிள்ளைகளின் பெயருக்கு உறுதி முடித்துக் கொடுப்பதைப் பாசத்தின் வெளிப்பாடாகவே பொதுவாகக் கருதுகின்றோம். ஆயின் நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிடப்படும் அவ்வேடு, குடும்ப உறவினைச் சொத்துறவாக மாற்றும் ஆவணமுமாகும். பிரதிகளை அவற்றின் சமூகப் பகைப்புலத்தில் வைத்து நோக்கும் நாம், உறுதியையும் அவ்வாறே வாசித்தல் தகும்.

1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே இப்பிரச்சினை இடம்பெறுகின்றது. தளர்ந்த பெற்றோரைப் பராமரிப்பதாக வாக்களித்துப் புதல்வர் சொத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். வாக்குத் தவறின் பெற்றோர் அதனை மீட்கலாம். நிலவுடைமைச் சமூகத்திலும் பாசம் மட்டும் போதிய காப்பாகக் கொள்ளப்படவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நிலம் விற்பனைப் பண்டமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நிலக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசையும் இரு சாட்சிகளையும் அவசியமாக்கியது. வாய்மொழி வாக்குறுதியின் இடத்தை எழுத்து பெற்றது. எழுத்தில் இடம்பெறாத பராமரிப்பு வாக்குறுதி வலுக் குன்றியது.

ஆகவே, எதனை எழுதுவது என்பதே அடிப்படை வினா. நிபந்தனையற்ற நன்கொடை உறுதியால் உடைமை உடனடியாகக் கைமாறும். கொடுத்தவர் தம் வீட்டிலேயே பிறர் தயவில் வாழ நேரலாம். சீவிய உருத்தை ஒதுக்கிக்கொண்டு நன்கொடை அளிப்பின், குடியிருப்பதற்கும் வருமானம் பெறுவதற்கும் உள்ள உரிமை இறுதிவரை அவருடையதே. மரண சாதனமோ, எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றத்தக்கது. எனினும், இறப்பின் பின் நீதிமன்ற நடவடிக்கையும் தாமதமும் ஏற்படலாம். ஒரு சொற்றொடரின் இருப்பும் இன்மையும் ஒரு முதியவரின் எஞ்சிய வாழ்வைத் தீர்மானித்துவிடுகின்றன.

இந்நிலையில் சட்டத்தரணி யாருடைய நலனுக்காகச் செயற்படுகின்றார் என்பது முக்கியமாகின்றது. சொத்தைப் பெறவிருக்கும் மகனோ மருமகனோ அவரை அமர்த்திக் கட்டணமும் செலுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. முதியவர் தாமே ஒருவரைத் தெரிந்து, பிள்ளைகள் இல்லாத வேளையில் தனித்துப் பேசுதல் வேண்டும். பழைய உறுதிகள், கடன்கள், முன்னர் அளித்த சீதனம், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் விபரம் ஆகியவற்றை மறையாது கூறுதல் வேண்டும். வாசிக்க இயலாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குதல் நொத்தாரிசின் கடமை. அதனைக் கேட்டறியுமுன் ஒப்பமிடலாகாது.

அரசும் இம்முரண்பாட்டைக் காணாதிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம். மீளப்பெற இயலாதெனக் கூறும் நன்கொடை உறுதியையும், பாரதூரமான நன்றியீனத்தைக் காரணங்காட்டி, மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தொடர்ந்து நீக்குவிப்பதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிவகுக்கின்றது. ஆயினும் முதுமையில் பெற்ற பிள்ளைக்கெதிராக வழக்காடும் வலிமை எத்தனை பேருக்கு உண்டு? காப்பு ஒப்பத்துக்கு முன்னரே அமைதல் வேண்டும்.

சட்ட அறிவு பணமுள்ளோரின் உடைமையாக இருக்கும்வரை இக்காப்பும் வர்க்கச் சலுகையாகவே இருக்கும். 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்கு உதவுகின்றதெனினும், எழுதிக் கொடுக்கக் காணித்துண்டேனும் இல்லாத தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கு எந்த உறுதியும் விடையளிக்காது. அவ்விடை சொத்துறவுகளுக்கு அப்பால், முதுமையைச் சமூகப் பொறுப்பாக ஏற்பதிலேயே தங்கியுள்ளது. அதுவரை, சீவிய உருத்து என்னும் இரு சொற்களின் பொருளை நம் பெற்றோருக்கு விளக்குவதும் கற்றோரின் கடமையாகும்.