வேணுவனமும் நம் ஆற்றங்கரையும்

திருநெல்வேலிக்கு வேணுவனம் என்றொரு பழம்பெயர் உண்டென்பதை நம் மாணவருள் பலர் அறியார். வேணு என்பது மூங்கில். நெல்லையப்பர் கோயிலின் தலவிருட்சமும் மூங்கிலே. பாற்குடம் சுமந்து சென்ற ஒருவர் மூங்கிற் காட்டிடையே ஒரு கல்லில் நாள்தோறும் இடறிப் பாலைச் சிந்தினார் என்றும், அக்கல்லை வெட்டியபோது லிங்கம் வெளிப்பட்டது என்றும் தலவரலாறு கூறும். அதனை யார் எவ்வாறு கொள்ளினும், இவ்வூர் ஒருகாலத்தில் மூங்கில் சூழ்ந்த இடமென்றே நம் முன்னோர் கருதினர் என்பது வெளிப்படை. இன்றோ, சுலோசன முதலியார் பாலத்தின்மேல் நின்று தாமிரபரணியை நோக்குவோர் கண்ணுக்குச் சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும் எளிதிற் புலப்படும். மூங்கிலைத் தேடித்தான் காணவேண்டும்.

நெல்லுக்கு வேலியிட்ட கதையால் திருநெல்வேலி என்றும், மூங்கிலால் வேணுவனம் என்றும் வழங்கும் இவ்விரு பெயர்களும் ஒரே குடும்பத்துப் பயிர்களைச் சுட்டுவன என்பது வியப்பு. தாவர நூலார் மூங்கிலை மரமென்னார். நெல், கரும்பு, சோளம் ஆகியவற்றோடு புல்லினத்தில் வைப்பர். மரம் ஆண்டுதோறும் பருத்து வளரும். மூங்கிற் குருத்தோ தன் முழுப் பருமனோடு மண்ணைப் பிளந்து வெளிவந்து, சில மாதங்களிலேயே முழு உயரத்தை எய்திவிடும். அதன்பின் அது பருப்பதில்லை; மூன்று நான்கு ஆண்டுகளில் வைரம் பாய்ந்து முதிர்வதே அதன் வேலை. முதிர்ந்த கழியை வெட்டினால் குத்து சாவதில்லை. அடுத்த மழைக்குப் புதுக் குருத்து விடும். ஒருமுறை நட்டுப் பலமுறை அறுக்கும் பயிர் இது. புல்லென்று விஞ்ஞானம் கூறிய இதனை, 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மரமென்றே கொண்டிருந்தமையால், தன் தோட்டத்து மூங்கிலை வெட்டிக் கொண்டுசெல்லவும் குடியானவன் அனுமதி நாடி நிற்க நேர்ந்தது. 2017இல் செய்த திருத்தம் இத்தடையின் வேரை அறுத்தது. காலந்தாழ்ந்த நீதியேனும் நீதியே.

இனி நாம் முக்கியமாகச் சொல்லவந்தது ஆற்றங்கரையைப் பற்றியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இப்பக்கத்தார் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தருகே இருப்புப்பாதையின் கீழிருந்த மண்ணும் சல்லியும் அரிப்புண்டு போக, திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட ரயிலின் பிரயாணிகள் ஏறத்தாழ 800 பேர் வெள்ளத்தின் நடுவே தங்க நேர்ந்தது. நீர் வடிந்தபின் ஆற்றோர வயல்களிற் சில மணல்மேடிட்டும், சில கரையோடு சரிந்தும் கிடந்ததை நாமும் கண்டோம். மழையைத் தடுக்க ஒருவராலும் ஆகாது. மண்ணைப் பிடித்துவைக்க ஓரளவு ஆகும்.

மூங்கிலின் திறம் இவ்விடத்திலேதான். அதன் கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னி, அவற்றினின்று எண்ணிறந்த நாரவேர்கள் மேல்மண்ணில் வலைபோற் பரவும். நெருங்கிய கழிகள் கரைமேல் ஏறிவரும் நீரின் வேகத்தைக் குறைக்க, அது சுமந்துவரும் வண்டல் அங்கேயே படியும். உதிர்ந்த சருகு மண்ணை மூடி வெயிலிலும் மழைத்துளியின் அடியிலும் காக்கும். ஆயினும் இதனைச் சஞ்சீவி என்று எண்ணுவது தவறு. இவ்வேர்கள் ஆழச் செல்வன அல்ல. அடியில் நீர் குடைந்து செங்குத்தாய் நிற்கும் கரையின் விளிம்பில் நட்டால், குத்தின் பாரமே கரையைச் சரிக்கும். அத்தகைய இடத்தில் முதலிற் கரையைச் சரிவாக வெட்டிச் சீர்செய்து, சற்று உள்வாங்கி நடவேண்டும். ஆற்றின் படுகைக்குள் நடுவதோ பெரும்பிழை. வெள்ளத்தின் வழியை அடைத்து எதிர்க்கரையை அழிப்பதாகும்.

நம் பக்கத்தார்க்குப் பனை இருக்க மூங்கில் எதற்கு என்று கேட்பாரும் உளர். பனையின் பெருமையை நாம் குறைக்கவில்லை. தேரி மணலில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் இன்று நட்ட பனை வைரமேறி உத்திரமாவதைக் காண நட்டவர்க்கு ஆயுள் போதாது. மூங்கில் ஐந்தாறு ஆண்டுகளில் ஏணிக்கும் பந்தலுக்கும் சாரத்துக்கும் கூடைக்கும் கழி தரத் தொடங்கும். வெட்டும்போது மூன்றாண்டு முதிர்ந்தவற்றையே வெட்டி, இளங்கழிகளை விடவேண்டும். அவையே அடுத்த குருத்துக்குத் தாய். பச்சை மூங்கிலில் மாச்சத்து மிகுதியாதலால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். ஓடும் நீரில் சில வாரம் ஊறப்போடுவது பழைய முறை. வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பது புதுமுறை.

எவ்வகையை நடுவது? ஈரமான ஆற்றோரத்திற்கு முள்மூங்கில் இயல்பாக ஏற்றது. ஆடு மாடு நுழையா வேலியுமாகும். ஆனால் அதன் முட்புதரில் புகுந்து கழி வெட்டுவோர் படும் பாட்டை எண்ணினால், பயனுக்கென நடுவோர் முள்ளில்லா வகைகளை நாடுவது நன்று. வறண்ட மேட்டுநிலத்துக்குக் கல்மூங்கில் பொருந்தும்.

மற்றொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. முள்மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை சிந்தி, அத்தோடு மடியும். ஒரே காலத்து விதையிற் பிறந்தவை எங்கிருப்பினும் ஏறத்தாழ ஒருங்கே பூக்கும். மிசோ மலைநாட்டில் 1959இல் இவ்வாறு ஓரின மூங்கிற் காடுகள் பூத்தபோது, விதையுண்டு பெருகிய எலிகள் பின்னர் வயல்களிற் புகுந்து நெல்லை அழித்துப் பஞ்சத்தை விளைத்தன. நம் பள்ளத்தாக்கில் அத்தகைய பெருங்காடு இல்லையாதலால் அவ்வச்சம் வேண்டா. ஆனால் கரை முழுதும் ஒரே வித்தில் நட்டால், ஓராண்டில் கரை முழுதும் மொட்டையாகும். பழைய குத்திலிருந்து கிழங்கு பெயர்த்து நடுவோரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். புதிதாக நட்டாலும் அக்கிழங்குக்குத் தாயின் வயதே வயது. ஆகவே வகைகளையும் வித்துக்களையும் கலந்து நடுவதே அறிவுடைமை.

குத்துக்குக் குத்து 5 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 160 கன்றுகள் கொள்ளும். வயலை ஒட்டி நடுவோர் நடுவில் ஒரு வாய்க்கால்போல் ஆழமாகப் பள்ளம் பறித்துவைத்தால் வேர் நெல்லின் உரத்தை உண்ணாது. நிழல் வயலில் விழாத பக்கத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் குழி வெட்டி எருவிட்டு ஆறப்போட்டு, முதல் நல்ல மழையில் கன்றை வைக்கலாம். முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றுவதும், ஆட்டின் வாயினின்று குருத்தைக் காப்பதும் நட்டவர் பொறுப்பு. மூன்றாம் ஆண்டுமுதல் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.