அடுப்பு வைத்த ஃபிரிட்ஜைக் கழற்றலாமா?

மங்கலத்தில் விசைத்தறி நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பழைய வேன் ஒன்றை வாங்கியிருக்கிறார். முன்பு வைத்திருந்தவர் அதைக் கேரவனாக மாற்றி, உள்ளே கேஸில் ஓடும் வெளிநாட்டு ஃபிரிட்ஜ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். ஊரில் சித்திரை வெயிலில் நிறுத்தினால் தயிர் புளித்துவிடுகிறது. வால்பாறைக்குப் போய் சரிவில் நிறுத்தினால் ஃபிரிட்ஜ் வேலை செய்வதே இல்லை. “பேசாமல் கடையில் விற்கிற 190 லிட்டர் சிங்கிள் டோரை வாங்கி வைத்துவிடட்டுமா?” என்கிறார்.

வைத்துவிடுங்கள். பதில் அவ்வளவுதான். சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் கேரவன்களில் இந்தச் சிக்கலே எழாது. பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும், ஏ.சி. முதல் ஃபிரிட்ஜ் வரை எது வேண்டுமானாலும் ஓடும். கரன்ட் இல்லாத இடத்தில் தனியாகப் போய் நிற்கும் வண்டிக்காகத்தான் அந்தக் கேஸ் ஃபிரிட்ஜ். கழற்றுவதற்கு முன் ஒரு முறை அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். இவ்வளவு அழகான ஏற்பாடு இனி உங்கள் வண்டிக்குள் வரப்போவதில்லை.

அதில் கம்ப்ரசர் கிடையாது, மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது. பூட்டிய குழாய்க்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் என்று மூன்று பொருள்கள். கீழே ஒரு சிறு தீ. தீ எரிந்தால் மேலே ஐஸ் பிடிக்கும்!

கஷ்டம் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். அம்மோனியா ஆவியாகிக் குளிர்விக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் அது கொதிக்க வேண்டுமானால் அதன் மேல் 2 வளிமண்டலத்துக்கு மிகாத அழுத்தமே இருக்க வேண்டும். அதே ஆவி வெளிக்காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாக வேண்டுமானால், நம் ஊர் வெயிலுக்கு 20 வளிமண்டலத்துக்கு மேல் தேவை. சாதாரண ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் ஒரு பக்கம் அழுத்துகிறது, மறுபக்கம் நுண்குழாய் அழுத்தத்தை இறக்குகிறது. கேஸ் ஃபிரிட்ஜிலோ மேலும் கீழும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய 25 வளிமண்டலம்தான். ஒரே அழுத்தத்தில் எப்படி ஓரிடத்தில் திரவமாகி இன்னோரிடத்தில் ஆவியாகும்?

பனியன் துணி காயும் விதத்தில். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். ஆனால் கொடியில் போட்ட ஈரத்துணி 30 டிகிரியிலேயே காய்ந்துவிடுகிறது. மேலே அழுத்தும் காற்றின் பாரத்தைப் பற்றித் துணியில் இருக்கும் நீருக்குக் கவலையில்லை. சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. குளிர்பெட்டிக் குழாயில் அந்த வறண்ட காற்றின் வேலையைச் செய்வது ஹைட்ரஜன். 25 பங்கு அழுத்தத்தில் 23-ஐ அது தாங்கிக்கொள்கிறது. அம்மோனியாவின் பங்கு 2 மட்டுமே. ஆகவே அந்த நெரிசலுக்குள்ளும் அம்மோனியா மைனஸ் 20 டிகிரியில் நிம்மதியாக ஆவியாகிறது. ஹைட்ரஜன் இல்லாத மேல்குழாயில் 25 பங்கும் அம்மோனியாவுடையதே. அதனால் அங்கே 58 டிகிரி வெப்பத்திலேயே திரவமாகிவிடுகிறது. மங்கலத்தின் மே மாதம் அதற்கு ஊட்டி மாதிரி.

துணி உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். மூடிய அறையில் துணி காயப்போட்டால் சற்று நேரத்தில் அறைக் காற்றே ஈரமாகிவிடும், துணி காயாது. எனவே காற்றைப் பிழிந்து ஈரத்தை எடுக்க வேண்டும். இங்கே பிழிகிறவர் தண்ணீர்! அம்மோனியாவைக் கண்டால் தண்ணீருக்குத் தீராத தாகம், உறிஞ்சிக்கொள்கிறது. ஹைட்ரஜன் வறண்டு மேலே போகிறது. அதை மேலே தள்ள விசிறி வேண்டாம்: அம்மோனியா கலந்த ஹைட்ரஜன் கனமானது, தானே இறங்குகிறது, பிழிந்த ஹைட்ரஜன் லேசானது, தானே ஏறுகிறது. இனி அம்மோனியா குடித்த தண்ணீரையும் பிழிய வேண்டுமே? அதற்குத்தான் அந்தத் தீ. சூட்டில் கிளம்பும் குமிழிகள் மெல்லிய குழாய் வழியே திரவத்தையும் தூக்கிக்கொண்டு மேலே வருகின்றன. ஆவி அந்த மேல்குழாய்க்கு, அதாவது கண்டென்சருக்குப் போகிறது, அம்மோனியா பெருமளவு நீங்கிய தண்ணீர் மறுபடி உறிஞ்சும் குழாய்க்கு வடிகிறது. காற்றைப் பிழிய தண்ணீர், தண்ணீரைப் பிழிய தீ. இதற்குமேல் இழுத்தால் துணி கிழிந்துவிடும்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. பிரான்சின் ஃபெர்டினாண்ட் காரே 1859-இல் அம்மோனியாவும் தண்ணீரும் கொண்ட இயந்திரம் செய்தார். அதற்குப் பம்ப் தேவைப்பட்டது. ஹைட்ரஜனைச் சேர்த்துப் பம்பை ஒழித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும், ஆண்டு 1922. எலக்ட்ரோலக்ஸ் 1925-இல் அதை வாங்கி உலகெங்கும் விற்றது. கரன்ட் எட்டாத ஊர்களில் தடுப்பூசியைக் காத்த மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜும் இதே குடும்பம். “ஐன்ஸ்டீன் கண்டுபிடித்த, கம்பெனிகள் மறைத்துவைத்த மின்சாரமில்லா ஃபிரிட்ஜ்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது உண்மை. மறைக்க அதில் ஒன்றுமில்லை. அதன் பங்காளி பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

அழகு இருக்கட்டும், கணக்குக்கு வருவோம். எல்லா ஓட்டமும் புவியீர்ப்பை நம்பியிருப்பதால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பழைய மாடல்களுக்கு 3 டிகிரிச் சாய்வே அதிகம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது பெரிதாக ஒன்றும் ஆகாது. இப்படியும் அப்படியும் ஆடுவதில் சரியாகிவிடும். மேலே போய்ச் சரிவில் நிறுத்தித் தூங்கினால்தான் திரவம் வளைவுகளில் தேங்கி, கொதிகலன் வறண்டு, துரு பிடிக்காமலிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிந்து குழாய் அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் அதோடு சரி. அம்மோனியா திரவமாவதற்கு மே மாதம் தடையில்லை என்றாலும், மொத்தப் பெட்டிக்கு வெயிலும் எதிரிதான். வெளிச்சூடு 35-ஐத் தாண்டினால் பல மாடல்கள் திணறும்.

தீனியோ அதைவிட மோசம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 கிராம் எல்.பி.ஜி. வேண்டும், அந்த வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் 3.8 யூனிட். வீட்டு ஃபிரிட்ஜ் ஆண்டுக்கு 150 யூனிட் என்றால் நாளுக்கு 0.4 யூனிட். வெப்பம் எப்படியும் புகைபோக்கியில் வீணாகும் ஆலைகளில் இந்த உறிஞ்சல் முறை கெட்டிக்காரத்தனம். அங்கே லித்தியம் புரோமைடு சில்லர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. குளிருக்காகவே கேஸ் வாங்கி எரிப்பது வேறு கதை.

வீட்டு ஃபிரிட்ஜிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. ஸ்டார் லேபிளில் போட்ட யூனிட்டை மட்டும் வைத்து பேட்டரி வாங்காதீர்கள். வண்டியின் 12 வோல்ட்டை 230 ஆக்கும் இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் ஓய்வெடுக்கும்போதும் 15 வாட் போலத் தின்றுகொண்டிருக்கும். 24 மணி நேரத்தில் அது மட்டும் 0.36 யூனிட்! ஃபிரிட்ஜுக்குச் சமமாக இன்னொரு வாய். இரண்டும் சேர்த்து, வெயிலுக்குக் கொஞ்சம் கூட்டினால் நாளுக்கு 1 யூனிட். 150 ஆம்பியர்-ஹவர் ட்யூபுலர் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால், 0.9 யூனிட் கிடைக்கும். அதாவது ஒரு நாள்கூட முழுசாக வராது. கூரையில் 300 வாட் சோலார் பேனல் இருந்தால் நல்ல வெயிலில் நாளுக்கு 1.2 யூனிட் வரை வரும், சமாளிக்கலாம். “சோலார் ரெடி” ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பேனலும் பேட்டரியும் இருந்தால் எந்த ஃபிரிட்ஜும் சோலார் ரெடிதான்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் கம்ப்ரசர் சூடாகும். தொடங்கும் கணத்தில் மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும், அதனால் 100 வாட் பெட்டிதானே என்று சின்ன இன்வெர்ட்டர் வாங்கினால் முதல் ஸ்டார்ட்டிலேயே ட்ரிப் ஆகும். நிறுத்தியவுடன் திரும்பப் போடாதீர்கள். இரு பக்க அழுத்தமும் சமமாக ஐந்து நிமிடம் கொடுங்கள். பழைய கேஸ் ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே எப்போதும் ஒரே அழுத்தம்தான்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பழைய பெட்டிக்காக வண்டிச் சுவரில் வெட்டிய புகைத் துளைகளை அடையுங்கள். புதிய பெட்டியின் பக்கவாட்டுத் தகடுதான் பெரும்பாலும் சூட்டை வெளியே விடுகிறது, அங்கே இடைவெளி விடுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் கதவைக் காந்தம்தான் பிடித்திருக்கிறது; முதல் கொண்டை ஊசியிலேயே தக்காளி தரையில் உருளும். வெளியே ஒரு கொக்கி மாட்டுங்கள். கம்ப்ரசருக்கு மேலே ஐஸ் உருகிய நீர் விழும் தட்டு இருக்கும். கிளம்பும் முன் அதைக் காலி செய்யுங்கள்.

கழற்றிய பழைய யூனிட்டைப் பழைய இரும்புக் கடையில் குழாய் அறுக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஓடாமல் கிடந்தாலும் உள்ளே அழுத்தம் குறையாது. அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கும், ஹைட்ரஜன் தீப்பொறியில் வெடிக்கும், குரோமேட் நஞ்சு. விவரம் தெரிந்த குளிர்பதன மெக்கானிக்கிடம் முழுசாக ஒப்படையுங்கள்.